சாம்பலுக்கு ஒரு கல்மாடம்

எரியூட்டிய உடலில் மிஞ்சுவது சுமார் இரண்டு முதல் மூன்று கிலோ எலும்புத்தூள். பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், அழுகாது, நாறாது. நம்மில் பலர் அதை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிறோம். கரைக்கும் வழக்கம் இல்லாதவர்களுக்கு அதை வைக்க ஓர் இடம் வேண்டும். 1963-இல் எரியூட்டலை அனுமதித்த கத்தோலிக்கத் திருச்சபை, சாம்பலைத் தூவக் கூடாது, புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-இல் மீண்டும் வலியுறுத்தியது. அமெரிக்காவில் இன்று இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எரியூட்டப்படுகிறார்கள். அதனால் அங்கே கல்லறைத் தோட்டங்களில் கிரானைட் சுவர்கள் எழுகின்றன. ஏறக்குறைய ஓர் அடிச் சதுர மாடங்கள் அடுக்கடுக்காக இருக்கும் இந்தச் சுவருக்குக் கொலம்பேரியம் என்று பெயர்.

ரோமானியர்கள் இதைப் பூமிக்கடியில் கட்டினார்கள். ரோம் நகரில் 1831-இல் கண்டெடுக்கப்பட்ட பொம்போனியஸ் ஹைலாஸின் மாடக்கூடம் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் சுவரோவியங்கள் இன்னும் தெரிகின்றன. வெயிலும் மழையும் எட்டாத இடம் அது. திறந்தவெளியில், அதுவும் அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற குளிர்ப் பகுதியில் கட்டுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கட்டடத்தின் பாரம் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் தண்ணீர். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். மண்ணுக்குள் உறைந்தால் அஸ்திவாரத்தையே மேலே தள்ளிவிடும். ஆகவே, உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டிக் கான்கிரீட் போடுகிறார்கள். மின்னசோட்டாவில் அது ஒரு மீட்டருக்கும் மேல். கூரைக்கல்லைக் கொஞ்சம் சரிவாக அமைத்து, சுவரைத் தாண்டி நீட்டி, அடிப்பக்கத்தில் ஒரு காடி வெட்டுவார்கள். கல்லின் அடியை ஒட்டி உள்ளே ஓடிவரும் மழைநீர் அந்தக் காடியில் நின்று சொட்டிவிடும். மாடத்தைக் காற்றுப் புகாமல் அடைப்பதும் தவறு. உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

அடுத்தது இணைப்பு. அசையாமல் நிற்பதாகத் தோன்றும் கிரானைட் உண்மையில் நீண்டு சுருங்குகிறது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் கல் ஏறத்தாழ 0.008 மில்லிமீட்டர் நீளும். அற்பம்தான். ஆனால் மூன்று மீட்டர்க் கருங்கல் பலகை பனிக்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்குப் போய், கோடை வெயிலில் 50 டிகிரிக்கு ஏறினால் வித்தியாசம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். இறுகிப்போன சிமென்ட் பூச்சு அதைத் தாங்காது, வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். அதனால்தான் நல்ல கட்டுநர்கள் கல்லோடு நெகிழ்ந்து கொடுக்கும் சிலிகான் போன்ற பூச்சை இடுக்குகளில் அடைக்கிறார்கள்.

கல்லைக் கல்லோடு பிடித்து வைக்கும் உலோகம் இதைவிட ஆபத்தானது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைக் கட்டிய பழங்காலக் கொத்தர்கள் இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீரமைத்த நிகோலாவோஸ் பலானோஸ் அந்த ஈயக் காப்பு இல்லாமல் இரும்பை வைத்தார். துரு ஏறிய இரும்பு பருத்து, பளிங்கைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பிடுங்கிவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. கொலம்பேரியத்துக்கு டைட்டானியம் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு போதும். அதில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

கல் எது? பளிங்கு அழகுதான், ஆனால் கால்சியம் கார்பனேட் ஆனதால் அமில மழையில் கரைந்து, பொறித்த பெயர் மழுங்கும். கிரானைட்டின் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அதைத் தாங்குபவை. வெர்மான்ட் மாநிலத்துப் பாரி நகரின் சாம்பல்நிறக் கல் அமெரிக்காவில் பெயர்பெற்றது. நம் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருங்கல்லும் நினைவுக்கல்லாக வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. வணிகர்கள் அதைக் கறுப்பு கிரானைட் என்று விற்றாலும், புவியியலார் டோலரைட் என்பார்கள்.

இவ்வளவு செய்தாலும் இடுக்குப் பூச்சுக்கு ஆயுள் சில பத்தாண்டுகள்தான். பிறகு மாற்றியாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் 1898-இல் கட்டிய குவிமாடக் கொலம்பேரியம், 1930-களிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்து பாழானது. 1980-இல் கைமாறிய பிறகுதான் அதற்கு விமோசனம் கிடைத்தது. மாடம் வாங்குபவர்கள் கல்லின் பளபளப்பைப் பிறகு பார்க்கட்டும். விற்கும் தொகையில் ஒரு பங்கு பராமரிப்பு நிதிக்குப் போகிறதா என்பதை முதலில் கேட்கட்டும்.