பல்பொருள் அங்காடிகளின் வீழ்ச்சியும் கைக்கருவிகளின் நம்பகமும்

தொழிலாளியின் கையில் உள்ள கருவி அவனுடைய உழைப்பின் நீட்சியாகும். ஸ்பேனர் நழுவினால் விரல் நசுங்கும்; உளி மழுங்கினால் ஒரு நாள் வேலை வீணாகும். ஆயினும் கருவியை வாங்கும்போது அதன் தரத்தைக் கண்ணால் கண்டறிய இயலாது. நல்ல எஃகும் மட்டமான எஃகும் மெருகேற்றிய பின் ஒன்று போலவே மின்னுகின்றன. எனவேதான் கருவி வணிகத்தில் வணிகப் பெயருக்கும், அப்பெயரைத் தாங்கி நிற்கும் கடையின் வாக்குறுதிக்கும் தனி மதிப்பு உண்டு. அந்த வாக்குறுதியை அளித்த கடையே மறைந்துவிட்டால் நேர்வது என்ன? அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் நிறுவனமும், அதன் 'கிராப்ட்ஸ்மன்' கைக்கருவிகளும் கண்ட ஏற்ற இறக்கம் இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தருகிறது.

பட்டியல் நூல் வளர்த்த வணிகம்

ரிச்சர்டு சியர்ஸ் என்பவர் 1886-இல் கைக்கடிகாரங்களை அஞ்சல் வழியே விற்கத் தொடங்கினார். கடிகாரம் பழுது பார்ப்பவரான ஆல்வா ரோபக் அவருடன் சேர்ந்தார். இவ்விருவர் பெயரையும் தாங்கிய நிறுவனம் சிகாகோ நகரில் வேரூன்றியது. இவர்களுக்கு முன்பே, 1872-இல், ஆரன் மான்ட்கோமரி வார்டு அதே நகரில் அஞ்சல்வழி வணிகத்தைத் தொடங்கியிருந்தார். பொருளில் நிறைவு இல்லையெனில் பணம் திருப்பித் தரப்படும் என்னும் வாக்குறுதியை முதலில் பரவலாக்கியவர் அவரே.

அந்நாளைய அமெரிக்க உழவர், அருகில் இருந்த ஒரே கடையில் அக்கடைக்காரர் கூறிய விலைக்கே பொருள் வாங்க வேண்டியிருந்தது. அச்சிட்ட விலையுடன் வீட்டுக்கே வந்த பட்டியல் நூல் இந்நிலையை மாற்றியது. அரசின் பணியும் இதற்குத் துணை நின்றது. 1896-இல் சோதனை முறையில் தொடங்கிய கிராமப்புற இலவச அஞ்சல் வினியோகமும், 1913-இல் வந்த அஞ்சல் பொதி சேவையும் இல்லாமல் இவ்வணிகம் இத்துணைப் பெருகியிருக்க இயலாது. தையல் இயந்திரம் முதல் முழு வீட்டுக்கான மரச் சட்டங்கள் வரை அனைத்தும் பட்டியலில் இடம்பெற்றன. 1908 முதல் 1940 வரை ஏறத்தாழ 70,000 வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. தென் மாநிலங்களில் உள்ளூர்க் கடைகளில் அவமதிப்புக்கு ஆளான கறுப்பின மக்கள், முகம் காட்டாமல் அதே பொருளை அதே விலைக்குப் பெற முடிந்ததும் குறிப்பிடத்தக்கது. நிறுவனத் தலைவராக விளங்கிய ஜூலியஸ் ரோசன்வால்டு அம்மக்களின் குழந்தைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழ நிதி உதவி செய்தார்.

மோட்டார் வாகனம் பரவியதும் உழவரே நகரத்துக்கு வரத் தொடங்கினர். இம்மாற்றத்தை உணர்ந்த ராபர்ட் வுட் என்னும் நிர்வாகி 1925-இல் முதல் சில்லறைக் கடையைத் திறந்தார். 1931-ஆம் ஆண்டளவில் கடை விற்பனை அஞ்சல் விற்பனையை விஞ்சிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் பொருளாதார மந்தம் வரும் என அஞ்சி வார்டு நிறுவனம் விரிவாக்கத்தை நிறுத்தி வைத்தது. சியர்ஸ் புறநகர்களில் கடைகளைத் திறந்து முன்னேறியது. 1973-இல் சிகாகோவில் கட்டி முடிக்கப்பட்ட 110 மாடிச் சியர்ஸ் கோபுரம், அந்நாளில் உலகிலேயே உயரமான கட்டடமாகத் திகழ்ந்து, இவ்வளர்ச்சியின் சின்னமாயிற்று.

ஒரு பெயரின் பிறப்பு

'கிராப்ட்ஸ்மன்' என்னும் பெயர் 1927-இல் பதிவு செய்யப்பட்டது. வேறொரு கருவி நிறுவனத்திடமிருந்து 500 டாலருக்கு இப்பெயரின் உரிமை வாங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. இங்கு ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். சியர்ஸ் கருவிகளைத் தானே உற்பத்தி செய்யவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இயங்கிய மூர் நிறுவனம் போன்ற ஆலைகள் செய்து கொடுத்தன. தரத்தை வரையறுப்பதும், பெயரைப் பொறிப்பதும், குறைக்குப் பொறுப்பேற்பதும் கடையின் பணியாக இருந்தன.

நல்ல ஸ்பேனர் ஒன்று உருவாவதில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, உலோகக் கலவை; குரோமியமும் வனேடியமும் சிறிதளவு கலந்த எஃகு வலிமையும் உறுதியும் பெறுகிறது. இரண்டாவது, பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் வைத்துச் சம்மட்டிப் பொறியால் அடித்து உருக் கொடுத்தல். இதனால் உலோகத்தின் இழையோட்டம் கருவியின் வடிவத்தையே பின்பற்றி அமைகிறது. மூன்றாவது, வெப்பப் பதப்படுத்தல். சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்த எஃகு மிகக் கடினமாகும். ஆனால் எளிதில் உடையும். அதை மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்கினால்தான் கடினமும் தாங்கும் தன்மையும் ஒருங்கே அமையும். இம்மூன்றில் எதில் சிக்கனம் செய்தாலும் கடை அலமாரியில் அது தெரியாது. வண்டியின் அடியில் படுத்து, துருப்பிடித்த நட்டைத் திருகும்போதுதான் தெரியும்.

உத்தரவாதத்தின் பொருளாதாரம்

வாங்குவோர் அறிய இயலாத தரத்தை விற்போர் எவ்வாறு மெய்ப்பிப்பது? கிராப்ட்ஸ்மன் கைக்கருவிகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. உடைந்த கருவியைக் கடைக்குக் கொண்டு சென்றால், ரசீது கேட்கப்படாமலே புதியது வழங்கப்பட்டது. தந்தை வாங்கிய கருவியை மகன் மாற்றிக்கொள்வதும் உண்டு.

இது வள்ளன்மை போலத் தோன்றினும், இதன் அடியில் தெளிவான கணக்கு ஒன்று இருந்தது. தரமான கருவி அரிதாகவே உடையும். ஆகவே மாற்றித் தரும் செலவு குறைவு. மாற்றிக்கொள்ள வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவதும் அரிது. சட்டையோ குளிர்பதனப் பெட்டியோ வாங்கிச் செல்வார். மட்டமான பொருள் விற்பவர் இத்தகைய வாக்குறுதியை அளித்தால் நட்டத்தில் மூழ்குவார். எனவே வாக்குறுதியே தரத்தின் சான்றாயிற்று. ஆனால் இக்கணக்குச் சரிவர மூன்று தேவைகள் உண்டு. கருவியின் தரம் குறையாதிருக்க வேண்டும். கடை அருகில் இருக்க வேண்டும். அக்கடையில் வாங்கத்தக்க பிற பொருள்களும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன.

வீழ்ச்சியின் காரணங்கள்

1962-ஆம் ஆண்டு அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் ஒரு திருப்பமாகும். வால்மார்ட், கேமார்ட், டார்கெட் ஆகிய மூன்று மலிவு விலைக் கடைகளும் அவ்வாண்டிலேயே தொடங்கின. குறிப்பாக வால்மார்ட், கிடங்கு, லாரி, கணினிக் கணக்கு ஆகியவற்றை இணைத்து வினியோகச் செலவைக் குறைத்து, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சியர்ஸை முந்தியது. 1978-இல் தோன்றிய ஹோம் டிப்போ போன்ற கட்டுமானப் பொருள் அங்காடிகள் கருவி வணிகத்தைத் தம்பால் ஈர்த்தன. அவையும் தம் சொந்தப் பெயர்க் கருவிகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அளித்தன. இவ்வாறு சியர்ஸின் தனிச்சிறப்பு பொதுச்சிறப்பாயிற்று.

இதே காலத்தில் நிர்வாகத்தின் கவனம் வேறு திசையில் சென்றது. 1981-இல் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றும், வீடு மனைத் தரகு நிறுவனம் ஒன்றும் வாங்கப்பட்டன. 1985-இல் கடன் அட்டை அறிமுகமாயிற்று. நிதித்துறை வளர, கடைகள் பழமை எய்தின. 1993-இல் பெரிய பட்டியல் நூல் நிறுத்தப்பட்டது. அதனுடன் ஏறத்தாழ 50,000 வேலைகளும் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அமேசான் நிறுவனம் தோன்றியது. வீட்டில் இருந்தபடியே பொருளைத் தேர்ந்து வரவழைக்கும் முறையில் நூறாண்டு அனுபவம் பெற்றிருந்த நிறுவனம், அம்முறை புதுவடிவில் பிறக்கும் தறுவாயில் அதைக் கைவிட்டது.

சொத்தை விற்று நடந்த வணிகம்

2005-இல் முதலீட்டாளர் எட்வர்டு லாம்பர்ட்டின் தலைமையில் கேமார்ட்டும் சியர்ஸும் இணைந்தன. அப்போது இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,500 கடைகள் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனத்தின் பங்குகளைத் திரும்ப வாங்க ஏறத்தாழ 600 கோடி டாலர் செலவிடப்பட்டது. கடைகளைச் செப்பனிடப் போட்டி நிறுவனங்கள் செலவிட்ட விகிதத்தில் செலவிடப்படவில்லை. 2015-இல் 235 கடை மனைகள் ஏறத்தாழ 270 கோடி டாலருக்குத் தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டன. சொந்த இடத்தில் இருந்த கடைகள் வாடகைக் கடைகளாயின.

கிராப்ட்ஸ்மன் கருவிகளின் உற்பத்தியும் படிப்படியாக அமெரிக்க ஆலைகளிலிருந்து ஆசிய நாடுகளுக்கு நகர்ந்தது. பெயரும் உத்தரவாதமும் மாறவில்லை. ஆனால் நெடுநாள் வாடிக்கையாளரின் நம்பிக்கை தளர்ந்தது. 2017-இல் அப்பெயரே ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இதன் மதிப்பு ஏறத்தாழ 90 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. 500 டாலரில் தொடங்கிய பெயர் தொண்ணூறு ஆண்டுகளில் பெற்ற மதிப்பு இது. ஆனால் விற்ற பணம் அன்றாடக் கடன்களுக்கே போதாமல் போயிற்று. 2018 அக்டோபர் 15 அன்று சியர்ஸ் திவால் மனு அளித்தது. கடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 700 ஆகவும், ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 68,000 ஆகவும் சுருங்கியிருந்தன. பின்னர் விரல்விட்டு எண்ணத்தக்க கடைகளே எஞ்சின. வார்டு நிறுவனம் இதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டு இறுதியில், மூடும் முடிவை அறிவித்திருந்தது.

வீழ்ச்சியின் சுமை யார் மீது இறங்கியது என்பதும் ஆராயத்தக்கது. சியர்ஸின் ஓய்வூதியத் திட்டங்களில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். அவற்றில் ஏறத்தாழ 140 கோடி டாலர் பற்றாக்குறை இருந்தது. அப்பொறுப்பை 2019-இல் அரசு சார்ந்த ஓய்வூதிய உத்தரவாதக் கழகம் ஏற்க நேர்ந்தது. உடைந்த ஸ்பேனருக்கு வாழ்நாள் உத்தரவாதம் அளித்த நிறுவனம், அதை விற்ற ஊழியரின் முதுமைக்குத் தான் அளித்த வாக்கைக் காக்க இயலாமல் போயிற்று.

பெயரை வாங்கிய நிறுவனம் பழைய உத்தரவாதத்தை ஏற்றுக்கொண்டது. கருவிகளை வேறு அங்காடிகள் வழியே விற்றது. உற்பத்தியை மீண்டும் அமெரிக்காவுக்குக் கொணரும் நோக்குடன் டெக்சாஸ் மாநிலத்து போர்ட்வொர்த் நகரில் 9 கோடி டாலர் செலவில் தானியங்கி ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த அளவு உற்பத்தி எட்டப்படாமல், 2023-இல் அதை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆலையைப் பொருள் கொண்டு எழுப்பலாம். கலைந்துபோன கைத்திறனையும் துணைத் தொழில்களையும் அவ்வளவு விரைவில் மீட்க இயலாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நமக்குரிய படிப்பினை

இந்தியாவும் இத்தகைய அனுபவம் அறியாததன்று. 1966-இல், ரூபாய் மதிப்புக் குறைப்பை அடுத்து விலைவாசியைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் டெல்லியில் திறக்கப்பட்ட கூட்டுறவுச் சூப்பர் பஜார், நியாய விலைக்கும் கலப்படமற்ற பொருளுக்கும் பெயர் பெற்றது. அதுவும் நட்டத்தில் மூழ்கி 2002-இல் மூடப்பட்டது. முன்னது தனியார் முதலாளியின் நிறுவனம். பின்னது கூட்டுறவு அமைப்பு. உரிமை முறை எதுவாயினும், கடையைப் புதுப்பிக்காமல் பழைய நற்பெயரை மட்டும் செலவழித்து வந்தால் முடிவு ஒன்றே என்பது தெளிவு.

கைக்கருவி உற்பத்தியில் இந்தியாவின் நிலை மற்றொரு கோணத்தில் கருதத்தக்கது. பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா நகரங்களும், ராஜஸ்தானில் நாகௌரும் இத்தொழிலின் முக்கிய மையங்கள். பெரும்பாலானவை சிறுதொழில் அலகுகள். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1983-இல் ஜலந்தரில் நிறுவப்பட்ட மத்தியக் கைக்கருவி நிறுவனம், அச்சு வடிவமைப்பு, வெப்பப் பதப்படுத்தல், பரிசோதனை ஆகியவற்றில் இவ்வலகுகளுக்கு உதவி வருகிறது. ஆயினும் நிதி ஆயோக் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவின் கைக்கருவி ஏற்றுமதி ஏறத்தாழ 60 கோடி டாலர். உலகச் சந்தையில் இது 1.8 விழுக்காடு மட்டுமே. சீனாவுடன் ஒப்பிடுகையில் 14 முதல் 17 விழுக்காடு வரை செலவுப் பாதகம் உள்ளதாகவும் அவ்வறிக்கை கூறுகிறது. எஃகின் விலை, சிறிய அளவிலான உற்பத்தி, போக்குவரத்துச் செலவு ஆகியவை இதற்குக் காரணங்கள்.

இச்செலவைக் குறைப்பது இன்றியமையாதது. எனினும் அது மட்டும் போதாது. நம் அலகுகள் செய்யும் கருவிகளில் பல, வெளிநாட்டு வணிகரின் பெயரைத் தாங்கியே விற்பனையாகின்றன. செய்பவருக்குக் கூலி, பெயருக்கு உரியவருக்கு மதிப்பு. 500 டாலர்ப் பெயர் 90 கோடி டாலர் மதிப்பு எய்திய வரலாறு, தரமும் பொறுப்பும் சேர்ந்தால் ஒரு பெயர் எத்துணைச் செல்வமாகும் என்பதைக் காட்டுகிறது. கூட்டாகப் பயன்படுத்தத்தக்க பரிசோதனைக் கூடங்கள், கண்டிப்பான தரக்குறியீடு, தவறான கருவியை மறுப்பின்றி மாற்றித் தரும் வழக்கம் ஆகியவை அமைந்தால், சிறு அலகுகளும் ஒரு பொதுப் பெயரின் கீழ் நம்பகம் பெற இயலும்.

அதே வரலாற்றின் பிற்பகுதி எச்சரிக்கையும் செய்கிறது. நம்பகம் என்பது கிடங்கில் அடுக்கி வைத்து, வேண்டும்போது எடுத்து விற்கும் சரக்கன்று. எஃகைப் போலவே அதற்கும் இடையறாத பதப்படுத்தல் வேண்டும். உடைந்த கருவியுடன் வருபவருக்கு விற்பனை மேசையில் கிடைக்கும் விடையே அந்நம்பகத்தின் உரைகல் ஆகும்.