அண்மை உணர்த்தும் ஆங்கிலச் சொற்கள்

தன் புத்தகம் ஆசிரியரிடம் இருக்கிறது என்று சொல்ல விரும்பும் தமிழ்ப்பள்ளி மாணவன், ஆங்கில ஏட்டில் 'மை புக் இஸ் நியர் டீச்சர்' என்று எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் 'நியர்' என்பதை அடித்து, மேலே 'வித்' என்று எழுதிக் கொடுக்கிறார். மறுவாரமும் அதே பிழை தலைகாட்டுகிறது. பிழை இன்னது என்று காட்டப்பட்டதேயன்றி, அது எங்கிருந்து வந்தது என்பது காட்டப்படவில்லை. மாணவனை மந்தன் என்று ஒதுக்குமுன், அவன் எவ்வழியாக அச்சொல்லை அடைந்தான் என ஆராய்தல் நம் கடமையாகும்.

அவன் வந்தது தமிழ் வழியே. 'கிட்ட வா' என்னும்போது 'கிட்ட' என்பது அண்மையைக் குறிக்கிறது. அதே சொல் பேச்சு வழக்கில் 'வாத்தியார்கிட்ட இருக்கு', 'அம்மாகிட்ட சொன்னேன்' என உருபாகவும் நிற்கிறது. இவ்விடங்களில் தொலைவைப் பற்றிய பேச்சே இல்லை. இது பிற்காலத்துச் சீர்கேடு என்று எவரும் எண்ண வேண்டா. ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் அடுக்கியுள்ள சொற்களிலேயே சார், அயல், புடை, உழை என்பன உள்ளன. பக்கத்தைச் சுட்டும் சொல் உருபின் தொழிலை ஏற்பது தமிழுக்குப் பழைய வழக்கம்.

மலேசியாவில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு வழித்துணையும் உண்டு. மலாய் மொழியில் 'டெக்காட்' என்றால் அருகில் என்று பொருள். ஆனால் தெருவிலும் கடையிலும் வழங்கும் மலாயில் 'பாகி டெக்காட் டியா' என்றால் 'அவரிடம் கொடு' என்றாகும். நூல் வழக்கு அங்கே 'கெபாடா' என்னும். பிள்ளையின் காதில் விழுவதோ 'டெக்காட்' தான். இவ்வாறு, அவன் நன்கறிந்த இரண்டு மொழிகளும் ஒரே முடிவைச் சொல்கின்றன. மூன்றாம் மொழியும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் கொண்டதில் வியப்பென்ன?

ஆங்கிலம் 'நியர்' என்னும் சொல்லை அவ்வழியே போக விடவில்லை. அது தொலைவின் குறைவை மட்டுமே காட்டும். வகுப்பில் இதைச் சொல்லால் விளக்குவதைவிடச் செயலால் விளக்குவது எளிது. புத்தகத்தை மேசைமேல் வைத்து, ஒரு மாணவனை அதனருகே நிறுத்துங்கள், அது 'நியர்'. புத்தகத்தை அவன் கையில் கொடுங்கள், அது 'வித்'. அவன் அதைத் தோழனுக்கு நீட்டட்டும், அது 'டு'. மூன்றுக்கும் நாம் 'கிட்ட' என்றே சொல்லக்கூடும் என்பதையும் உடன் கூறினால், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்பார்கள்.

சொற்பிறப்பும் இங்கே உதவும். பழைய ஆங்கிலத்தில் 'நை' என்றால் அருகில். 'நியர்' என்பது அதனினும் அருகில். 'நெக்ஸ்ட்' என்பது எல்லாவற்றிலும் அருகில். மூன்றும் ஒரே சொல்லின் மூன்று படிகள். பக்கத்து வீட்டாரைக் குறிக்கும் 'நெய்பர்' என்பதன் முற்பகுதியும் இந்த 'நை' தான். ஆகவே 'நெக்ஸ்ட் டு' என்றால் இடையே வேறொன்றும் இல்லை என்பது பொருள். பள்ளிக்கு 'நியர்' பத்து வீடுகள் இருக்கலாம். 'நெக்ஸ்ட் டு' ஆக ஒரு பக்கத்திற்கு ஒன்றுதான் இருக்க முடியும்.

'கோயிலுக்கு அருகில்' என நாம் நான்காம் வேற்றுமை கொடுத்துச் சொல்வதால், பிள்ளைகள் எல்லா இடத்தும் 'டு' சேர்க்க முற்படுவர். 'குளோஸ்', 'நெக்ஸ்ட்' இரண்டிற்கும் அது வேண்டும். 'பிசைட்' என்பதற்கு வேண்டா. 'நியர்' பெரும்பாலும் அதை வேண்டாது. 'பிசைட்ஸ்' என்று ஈற்றில் ஓர் ஒலி கூடினால் 'அன்றியும்' என்று பொருளே மாறிவிடும்.

அளவைச் சொல்லுமிடத்தில் வளர்ந்தவர்களும் வழுக்குகிறார்கள். 'நியர்லி' என்பதை 'ஏறத்தாழ' என்று மொழிபெயர்ப்பது நம் ஏடுகளிலும் காணப்படுகிறது. ஏற, தாழ என்னும் இரண்டும் அச்சொல்லிலேயே உள்ளன. 40-க்குச் சற்று மேலும் போகலாம், கீழும் வரலாம். 'நியர்லி 40' அப்படியன்று. அது 38 ஆகலாம், 39 ஆகலாம். 41 ஆகவே ஆகாது. கீழிருந்து ஏறி எல்லையைத் தொடாமல் நிற்பதே 'நியர்லி'. அதனை '40-ஐ நெருங்கும்' என்று பெயர்த்தலே தகும். ஏறத்தாழ என்பதற்கு ஆங்கிலத்தில் 'அபவுட்' உண்டு. 'அவன் அருகில் குடியிருக்கிறான்' என்பதற்கு 'நியர்லி' என்று எழுதும் பிள்ளைக்கு, 'நியர்பை' என்ற சொல்லைக் கொடுத்தால் போதும்.

இனிக் காலம். 'பை' என்பதும் அண்மைச் சொல்லே. ஆற்றின் அருகே என்பதற்கு 'பை தி ரிவர்' என்பர். 'நியர்' செல்லாத வழியில் சென்றது இச்சொல்தான். ஒருவரால் செய்யப்பட்டது என்னும் பொருளையும் இதுவே ஏற்றது. நாளோடு சேரும்போது இது எல்லையாகிறது. 'பை மண்டே' என்றால் திங்கட்கிழமைக்குள் ஒருமுறை முடித்துவிட வேண்டும். 'டில் மண்டே' என்றால் திங்கட்கிழமை வரை தொடர்ந்து நடக்க வேண்டும். முன்னது 'உள்', பின்னது 'வரை' என்று தமிழிலேயே தெளிவாகப் பிரிந்து கிடக்க, நாம் இரண்டிற்கும் 'டில்' சொல்லிக் கொடுக்கக் கூடாது.

இதில் பெற்றோரின் நலமும் அடங்கியுள்ளது. விண்ணப்பத்தை 'பை 15' அனுப்புக என்றால் 15ஆம் தேதியும் சேர்ந்ததே. 'பிஃபோர் 15' என்றால் 14ஆம் தேதியோடு வாயில் அடைபட்டது. உதவித்தொகைப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாணவன்தான் பல குடும்பங்களில் மொழிபெயர்ப்பாளன். அவன் இவ்வொரு சொல்லைத் தவறாகச் சொன்னால், ஓராண்டு உதவி கைநழுவும். நாம் தமிழில் அறிவிப்பு எழுதும்போதும் '15ஆம் தேதிக்குள்' என்று நிறுத்தாமல், '15ஆம் தேதி உட்பட' என்று சேர்த்தல் நலம்.

'நெக்ஸ்ட் மண்டே' பற்றி ஆங்கிலேயருக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. சொல்லின் பிறப்பின்படி அது மிக அருகில் வரும் திங்களாக வேண்டும். ஆயினும் அதைத் 'திஸ் மண்டே' என்று கூறி, 'நெக்ஸ்ட்' என்பதை மறு வாரத்திற்கு ஒதுக்குவோர் பலர். நம் 'அடுத்த திங்களும்' அவ்வாறே சண்டை மூட்டும். தேதியை எழுதிவிடுவதே வழி.

'சூன்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றே பொருள்பட்டது. காலப்போக்கில் 'விரைவில்' என்று தளர்ந்தது. 'இதோ வந்துவிட்டேன்' என்று அண்மைச் சுட்டால் உறுதி கூறிவிட்டு அரைமணி கழித்து வரும் நண்பர்களை உடைய நமக்கு இது புதிதன்று! 'ஜஸ்ட் நவ்' என்பதும் நம் நாட்டில் இவ்வாறே நீண்டுவிட்டது. மலாயில் 'தாடி' என்றால் இன்றைய நாளில் சற்று முன்னரோ, பல மணி நேரம் முன்னரோ ஆகலாம். அப்பொருளை நாம் 'ஜஸ்ட் நவ்' மீது ஏற்றியுள்ளோம். காலை எட்டு மணிக்கு நடந்ததை மாலையில் 'ஜஸ்ட் நவ்' என்றால் இங்கே எவருக்கும் விளங்கும். வெளிநாட்டவரோ அது சில நொடிகளுக்கு முன் நடந்ததென்று கொள்வார். பேச்சில் அது கிடக்கட்டும். கட்டுரையில் 'எர்லியர் டுடே' என்று எழுதப் பழக்குவோம்.