முதல் காலடி பட்ட நாடு

துருக்கிக் கரையிலிருந்து ரப்பர் படகில் புறப்படும் ஆப்கன் இளைஞர் ஒருவர், கிரீஸின் லெஸ்போஸ் தீவில் கரையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மாமா இருப்பது ஜெர்மனியில். எப்படியோ பெர்லின் போய்ச் சேர்ந்து அங்கே தஞ்சம் கேட்கிறார். அதிகாரிகள் கைரேகை எடுக்கிறார்கள். யூரோடாக் என்ற பொதுப் பதிவேட்டில், லெஸ்போஸில் எடுத்த ரேகை அகப்பட்டுவிடுகிறது. இனி அவர் மனுவை விசாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கிரீஸுடையது. அவரை அங்கேயே திருப்பி அனுப்பலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் டப்ளின் விதி என்பது இதுதான். 1990இல் டப்ளின் நகரில் கையெழுத்தாகி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரே பல நாடுகளில் மனுப் போடக் கூடாது, எந்த நாடும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் கூடாது என்பது நோக்கம். கணவன், மனைவி, பிள்ளைகள் ஏற்கெனவே தஞ்சம் பெற்ற நாட்டையும் விசா தந்த நாட்டையும் விதி முதலில் பார்க்கச் சொல்கிறது. மாமா அந்தக் கணக்கில் வரமாட்டார். விசா இல்லாமல் கடல்வழியே வருபவருக்கு, முதலில் காலடி வைத்த நாடுதான் மிஞ்சுகிறது. அதனால் கடல்வழியே வருபவர்களின் பொறுப்பு பெரும்பாலும் கிரீஸ், இத்தாலி, மால்டா போன்ற கரையோர நாடுகளின் தலையில் விழுந்தது. யாரால் எத்தனை பேரைப் பராமரிக்க முடியும் என்று விதி கேட்கவே இல்லை.

விளைவை நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. 2009இல் பெல்ஜியம் ஓர் ஆப்கன் அகதியைக் கிரீஸுக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே நெரிசலான காவலறையில் அடைக்கப்பட்டார். வெளியே விட்ட பிறகு தங்க இடமில்லாமல் ஏதென்ஸ் பூங்காவில் நாட்களைக் கழித்தார். 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கிரீஸோடு பெல்ஜியமும் மனித உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தே அனுப்பினீர்கள் என்பது அதன் சாரம். எனக்கு இது மிக முக்கியமான தீர்ப்பு.

2015இல் அகதிகள் பெருவெள்ளமாக வந்தபோது, இத்தாலியிலும் கிரீஸிலும் இருந்து 1,60,000 பேரைப் உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ள ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. இடம் மாறியவர்கள் சுமார் 35,000 பேர்தான். ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை.

2024இல் நிறைவேறிய ஒன்றியத்தின் புதிய புகலிட ஒப்பந்தம், 2026 ஜூனை நடைமுறைத் தேதியாக வைத்தது. அதன்படி ஒவ்வொரு நாடும் ஆளை ஏற்கலாம், அல்லது ஆளுக்கு 20,000 யூரோ தரலாம், அல்லது வேறு உதவி செய்யலாம். ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும். முதல் நாட்டு விதி மட்டும் போகவில்லை. 14 வயதிலிருந்து எடுத்துவந்த கைரேகையை இனி 6 வயதுக் குழந்தையிடமும் எடுப்பார்கள்.

வேறு வழியும் இருந்தது. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களுக்காக, 2001இலேயே எழுதி வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முறையாக எடுத்தார்கள். தனித்தனி விசாரணை இல்லை. உறவினர் இருக்கும் ஊர், வேலை கிடைக்கும் ஊர் பார்த்து மக்களே நாட்டைத் தேர்ந்துகொண்டார்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் பாதுகாப்புப் பெற்றார்கள். முன்பு ஒருவரைக்கூட ஏற்காத போலந்தே பல லட்சம் பேரை ஏற்றது. லெஸ்போஸில் கரையேறும் இளைஞருக்கு அந்தத் தேர்வு கிடையாது.