மர்மத்தின் கதை – 17: வெட்டுக்கிளியை ஏவியவன் யார்?

போன வாரம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் நிறுத்தினோம்: அதில் நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம். இந்த வாரம் மாத நாவல்களில் வரும் அமைச்சர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தேதி கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

2019 செப்டம்பர் 20. கே.வி.ஆனந்த் இயக்கி சூர்யா நடித்த 'காப்பான்' வெளியான நாள். எழுத்தில் ஆனந்தோடு கை கோத்தவர் பட்டுக்கோட்டை பிரபாகர். பரத், சுசீலா, மூன்லைட் ஏஜென்சி என்று மாத நாவல் வாசகர்களை ஒரு தலைமுறைக்காலம் கட்டிப்போட்டவர். ஊர்ப் பெயரையே முதல் பெயராக்கிக்கொண்டவர். மாத நாவலிலிருந்து ஆனந்தின் படங்களுக்குப் போனவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. 'அயன்', 'கோ', 'மாற்றான்' மூன்றிலும் சுபா இரட்டையர் இருந்தார்கள். 'மாற்றான்' படத்தில் பால் பவுடருக்குள் ஒரு விஞ்ஞானத் துரோகம். 'காப்பான்' படத்திலோ பிரதமர், அவரைக் காக்கும் படை, தஞ்சாவூர் மண்ணின் மேல் கண்வைத்த ஒரு பெருமுதலாளி, டெல்டாப் பயிரின் மேல் ஏவப்படும் பூச்சிக் கூட்டம். விஞ்ஞானமும் அரசியலும் கலந்த திகில் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது. எழுதியவரும் அந்த மண்ணின் பெயரைச் சுமப்பவர்.

எட்டு மாதம் கழித்து, 2020 மே மாதம், ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் வெட்டுக்கிளிகள் வானத்தை மறைத்தன. ஜெய்ப்பூர் நகரத்து மொட்டைமாடிகளில் அவை வந்து அப்பிய காட்சிகளைத் தொலைக்காட்சி ஓயாமல் காட்டியது. ஊரடங்கில் முடங்கிக் கிடந்த தமிழ்நாட்டில் 'காப்பான்' படத்தின் பூச்சிக் காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. பட்டுக்கோட்டையிலிருந்து என் சித்தப்பா போன் செய்தார். தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் மனிதர். குரலில் பயமும் பெருமையும் கலந்திருந்தன.

"பாத்தியாப்பா, நம்ம ஊர்க்காரர் முன்னாடியே எழுதிட்டார். இதையும் எவனோ அனுப்பித்தான் விட்டிருக்கான்."

"அனுப்ப முடியாது சித்தப்பா. அது காத்தோட வர்றது."

"காத்தும் அவன் கையில இருந்தா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் இந்தத் தொடரை நான் எழுதுவதற்கே காரணம். திகில் கதை படித்துப் பழகிய மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. காற்றுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இனி அந்தத் தேதிக்கு வருகிறேன். படம் வெளியானபோது வெட்டுக்கிளிகள் ஏற்கெனவே இந்தியாவுக்குள் இருந்தன. 2019 மே மாதமே ஜெய்சல்மேரில் தென்பட்டுவிட்டன. 1993-க்குப் பிறகு அப்படியொரு படையெடுப்பை இந்தியா பார்த்ததில்லை. திரையில் கற்பனைப் பூச்சிகள் பறந்த அதே வாரங்களில் தார்ப் பாலைவனத்தில் அசல் பூச்சிகள் முட்டையிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டின் நீண்ட மழைக்காலம் அவற்றுக்குத் தீனி போட்டது. டிசம்பரில் குஜராத்தின் பனாஸ்காண்டா வயல்கள் மொட்டையாயின. அதெல்லாம் தமிழ்நாட்டின் காதில் பெரிதாக விழவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் விழித்துக்கொண்ட நாம், படம் முன்கூட்டியே சொன்னதாக நினைத்துக்கொண்டோம்.

அவை எங்கிருந்து வந்தன? இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத கதை இதுதான்.

2018 மே மாதம் மெகுனு என்ற புயல் ஓமன் கரையைத் தாக்கியது. அக்டோபரில் லூபன் என்ற இன்னொரு புயல் ஏமன் பக்கம் கரையேறியது. ஆண்டுக்கணக்கில் மழை காணாத ரூப் அல் காலி பாலைவனத்தில், சவூதி, ஓமன், ஏமன் எல்லைகள் கூடும் மணல்வெளியில், இரண்டு புயல்களும் தண்ணீரைக் கொட்டின. மணல் நனைந்தது; பச்சை துளிர்த்தது. வெட்டுக்கிளி முட்டையிட ஈரமணல் வேண்டும், குஞ்சு பொரித்ததும் தின்னப் பச்சை வேண்டும். இரண்டும் கிடைத்தன. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வெளியில் யார் கண்ணிலும் படாமல் மூன்று தலைமுறைகள் பெருகின.

லூபன் கரையேறிய அடுத்த மாதம், நவம்பர் 16 விடிவதற்குள், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. சித்தப்பாவின் தோப்பும் அந்த இரவில்தான் படுத்தது. ஒரே ஆண்டின் கடல் கொந்தளிப்பு இங்கே தென்னையைச் சாய்த்தது, அங்கே வெட்டுக்கிளியை வளர்த்தது. இவ்வளவு பெரிய கதையை எந்த மாத நாவலும் யோசித்ததில்லை.

பூச்சியின் உடம்புக்குள்ளும் ஒரு மர்மம் இருக்கிறது. தனியாகத் திரியும் வெட்டுக்கிளியும் கூட்டமாகப் படையெடுக்கும் வெட்டுக்கிளியும் நிறத்திலும் நடத்தையிலும் அவ்வளவு மாறுபட்டிருக்கும். வெவ்வேறு இனங்கள் என்று கருதப்பட்ட இரண்டு, உண்மையில் ஒரே பூச்சியின் இரண்டு முகங்கள் என்று 1921-ல் போரிஸ் உவரோவ் எடுத்துக்காட்டினார். மாற்றத்தைத் தூண்டுவது எது என்பதற்கு 2009-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு விடை சொன்னது. இடம் சுருங்கி ஒன்றோடொன்று இடிக்கும்போது பின்னங்கால் தொடையில் ஏற்படும் உரசல், உடலில் செரோடோனினை ஏற்றுகிறது. ஓரிரு மணி நேரத்தில், கூட்டத்தைக் கண்டால் விலகிப் போன பூச்சி கூட்டத்தைத் தேடிப் போகிறது. மனிதர்களின் மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் அதே செரோடோனின்தான். பூச்சி பறக்கத் தொடங்கியபின் ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கும். 35,000 பேர் உண்ணும் உணவை ஒரே நாளில் தின்றுவிடும். காற்றடிக்கும் பக்கமாக ஒரு நாளில் 150 கிலோமீட்டர் வரை போகும்.

அரசியல் எங்கே என்று கேட்பீர்கள். ஏமனில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மருந்து தெளிக்க வேண்டிய பூச்சிக் கட்டுப்பாட்டுக் குழுக்களால் பல இடங்களுக்குப் போகவே முடியவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பூச்சி தடையில்லாமல் வளர்ந்து, ஒரு பக்கம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இன்னொரு பக்கம் ஈரான், பாகிஸ்தான் வழியாக நமக்கும் வந்தது. எதிர்ப்பக்கத்துச் செய்தியும் உண்டு. 1977 முதல் இந்திய, பாகிஸ்தான் வெட்டுக்கிளி அதிகாரிகள் மழைக்காலத்தில் முனாபாவ் – கோக்ராபார் எல்லையில் கூடித் தகவல் பரிமாறி வந்திருக்கிறார்கள். இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டு நிற்கும் எல்லையில் பூச்சிக்காக ஒரு மேஜை போட்டார்கள். அந்த மேஜையைச் சுற்றி மட்டுமே ஒரு நாவல் எழுதலாம்.

இப்போது திகில் கதைக்கு வருவோம். அதன் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட மாத நாவல், எத்தனையோ பேருக்கு விஞ்ஞானத்தின் முதல் வாசல். கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் டி.என்.ஏ., சயனைடு, ஹிப்னாடிசம் என்று பேசியது ராஜேஷ்குமாரையும் பிரபாகரையும் சுபாவையும் படித்துத்தான். பாடப்புத்தகம் விஞ்ஞானத்தை முடிந்துபோன விஷயமாகச் சொல்கிறது. திகில் கதை அதை ஆபத்தாக, அவசரமாக, யாரோ ஒருவர் கையில் சிக்கிய ஆயுதமாகச் சொல்கிறது. அதிகாரம் உள்ளவன் அறிவை எப்படிப் பயன்படுத்துவான் என்ற கேள்வியைச் சாதாரண வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த எழுத்துதான். அந்தச் சந்தேகம் ஒரு ஜனநாயகத்துக்குத் தேவையான சந்தேகம்.

அதன் குறை அந்தக் கவர்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. கதைக்கு ஒரு முகம் தேவை. கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்ட ஒரு கை தேவை. அதனால் எல்லாப் பேரழிவுக்கும் ஒரு சூத்திரதாரி வந்துவிடுகிறான். அவன் பிடிபட்டதும் வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறார். நிஜத்தில் பிடிபட யாரும் இருப்பதில்லை. மாற்ற வேண்டிய கொள்கைகள்தான் இருக்கின்றன.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டும் இல்லை. 'ஜுராசிக் பார்க்' எழுதிய மைக்கேல் கிரைட்டன் 2004-ல் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' நாவலை வெளியிட்டார். பருவநிலை மாற்றத்தின் பெயரில் மக்களை மிரட்ட, சுற்றுச்சூழல் தீவிரவாதிகள் செயற்கையாகப் பேரழிவுகளை உண்டாக்குவதாகக் கதை. அடிக்குறிப்பும் வரைபடமும் போட்டு ஆய்வு நூல்போல அச்சிட்டார்கள். அவர் மேற்கோள் காட்டிய விஞ்ஞானிகளிலேயே சிலர், தங்கள் முடிவுகள் திரிக்கப்பட்டதாக எதிர்த்தார்கள். ஆனாலும் 2005 செப்டம்பரில் அமெரிக்க செனட்டின் சுற்றுச்சூழல் குழு அந்த நாவலாசிரியரைச் சாட்சி சொல்ல அழைத்தது. கற்பனை எழுதிய கை, கொள்கை வகுக்கும் மேஜைக்கே போய்விட்டது. அடிக்குறிப்பு போட்ட பொய், சும்மா சொன்ன பொய்யைவிட அதிக தூரம் போகும்.

டெல்டாவுக்குத் திரும்புகிறேன். நெல்லுக்கு இங்கே உண்மையான எதிரி யார் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்: புகையான். வானத்தை மறைக்காது; குனிந்து பார்த்தால்தான் தெரியும். நெல் தூரை இரண்டு கையாலும் பிரித்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு ஒட்டிக்கொண்டு எள் அளவில் பழுப்புப் பூச்சிகள். தூரைத் தட்டினால் தண்ணீரில் உதிர்ந்து தத்தும். சாறு போன பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து காய்ந்துவிடும். பச்சை வயலின் நடுவே நெருப்பு வைத்த மாதிரி ஒரு திட்டு. அதே தூரில் சிலந்திகளும் ஓடும். அவை புகையானைத் தின்பவை.

இந்தப் பூச்சிதான் இந்தோனேசியாவின் நெல்லைக் காலி செய்யப் பார்த்தது. 1984-ல் அரிசித் தன்னிறைவு பெற்றதாக அந்த நாடு பெருமைப்பட்டது. இரண்டே ஆண்டில் புகையான் அதை ஆட்டம் காணவைத்தது. பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அரசே மானியமாகக் கொடுத்தது. மலிவாகக் கிடைத்ததால் விவசாயிகள் அள்ளித் தெளித்தார்கள். செத்தது சிலந்தி, பெருகியது புகையான். 1986 நவம்பரில் சுகார்த்தோ 57 பூச்சிக்கொல்லிகளை நெல்வயலில் பயன்படுத்தத் தடை போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நின்றது. விவசாயிகளுக்கு வயலிலேயே பள்ளி நடத்தி, எது எதிரி, எது நண்பன் என்று கற்றுக்கொடுத்தார்கள். புகையான் அடங்கியது.

விஞ்ஞானமும் அரசியலும் கலந்த அசல் திகில் கதை இதுதான். இங்கே பூச்சியை ஏவியது ஒரு மானியத் திட்டம்; நல்லெண்ணத்தில் போட்டது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் இதையேதான் சொல்கிறது: யூரியாவை அளவோடு போடுங்கள், வயலில் இடையிடையே பட்டம் (இடைவெளி) விட்டு நடுங்கள், தண்ணீரை வடியுங்கள், பூச்சியைப் பெருக்கிவிடும் மருந்துகளைத் தொடாதீர்கள்.

'காப்பான்' காட்டிய பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். மன்னார்குடியை மையமாக வைத்த மீத்தேன் திட்டத்துக்கு 2010-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் உயிர்விட்டார். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. படத்தில் ஒரு வீரன் துப்பாக்கியோடு காப்பாற்றிய மண்ணை, நிஜத்தில் காப்பாற்றியவர்கள் கிராமசபையில் தீர்மானம் போட்டவர்கள், ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தவர்கள். காகிதத்தைப் படித்து ஜெயித்த கதை அது. நம் திகில் எழுத்தாளர்கள் அதை இன்னும் எழுதவில்லை.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வில்லன் இருக்கட்டும். அவன் வருவதற்கு முன் வயல் எப்படி இருந்தது, மருந்துக்கு யார் விலை வைத்தார்கள், எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள். அந்தத் திறமை உங்களிடம் இருக்கிறது. வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இனி ஒரு திகில் நாவலை மூடும்போது, 'யார் செய்தது' என்பதற்கு விடை கிடைத்ததோடு நின்றுவிடாதீர்கள். 'எப்படி நடக்க விட்டோம்' என்பதையும் கேளுங்கள்.

கட்சிப் பெயரே இல்லாத மாத நாவல் அமைச்சர்கள் அடுத்த வாரம் வருவார்கள்.