ஒரு கொரோனா திரிபு மற்றதை முந்துவது எப்படி?

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா கொத்தாகப் பரவியது. அதன் பிறகு இலங்கையெங்கும் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் நிலை வந்தது. நோய் மீனிலிருந்து வரவில்லை. சந்தையில் நெருங்கி நின்று, கத்திப் பேசி, விலை கேட்டவர்களின் மூச்சிலிருந்து வந்தது. கடலை நம்பி வாழும் திருகோணமலை போன்ற மாவட்டங்களின் சோற்றில் மண் போட்டது அந்த வீண் அச்சம்.

அப்போது பரவிய கொரோனா வகைக்கு பி.1.411 என்று பிற்பாடு பெயர் வந்தது. 2021 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அல்பா வந்து அதை ஒதுக்கியது. ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா தென்பட்டது. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடே ஊரடங்கில் கிடந்தது. டிசெம்பரில் ஒமிக்ரோன் கண்டறியப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நான்கு வகைகள், ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு வந்தன. எப்படி?

முதலில், திரிபு என்றால் என்ன? இந்த வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம். உடலுக்குள் தன்னைப் படியெடுக்கும்போது அதில் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு ஒரு பயனும் இல்லை. எப்போதாவது ஒன்று அது பரவ உதவிவிடுகிறது. அப்படிப் பிழைகள் சேர்ந்து மாறிய வகைதான் திரிபு. வைரஸுக்குத் திட்டம் எதுவும் கிடையாது. அதிகம் பேரை எட்டுவது எதுவோ அது மிஞ்சுகிறது.

அந்தப் பிழை என்ன உதவி செய்கிறது? வைரஸின் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உண்டு (முள் புரதம்). நம் மூக்கு, தொண்டைச் செல்களை வைரஸ் இந்த முள்ளால்தான் பற்றுகிறது. தூண்டில் முள் கூராக இருந்தால் மீன் நழுவாது அல்லவா? அல்பாவின் முள்ளும் முந்தியதைவிட இறுக்கமாகப் பற்றியது.

டெல்டாவின் பலம் வேறு. அது செல்லுக்குள் எளிதாக நுழைந்து, விரைவாகப் பெருகியது. தொற்றியவரின் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் மிக அதிகமாக இருந்ததால், அவர் பேசும்போதும் இருமும்போதும் காற்றில் கலந்ததும் அதிகம்.

ஒமிக்ரோன் எடுத்த வழி இன்னொன்று. அதன் முள்ளில் மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றங்கள். பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோ நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள்களுக்கு (பிறபொருளெதிரிகள்) அந்த முள்ளைச் சரியாக அடையாளம் காண முடியவில்லை. அதனால் ஏற்கெனவே நோய் வந்து போனவர்களுக்கும் மறுபடி தொற்றியது.

காலமும் சுருங்கியது. முதலில் வந்த வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி காட்ட ஏறக்குறைய 5 நாள் எடுத்தது; ஒமிக்ரோனுக்கு 3 நாள் அளவே போதும். நோயாளியுடன் பழகியவர்களின் பட்டியலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுதி முடிக்குமுன் நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

வேகமாகப் பரவுவது சாதுவானது என்கிறார்களே? அப்படி ஒரு விதி இல்லை. டெல்டா வேகமாகவும் பரவியது, கடுமையாகவும் தாக்கியது. ஒமிக்ரோன் நுரையீரலின் ஆழத்தை டெல்டா அளவுக்குத் தாக்கவில்லை. அது வந்தபோது பலர் தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். ஆனாலும் நூறில் ஒருவருக்குக் கடுமையாகும் நோய் பத்து மடங்கு பேருக்கு வந்தால், வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பிவிடும்.

இனி உங்களுக்கு வேண்டியது. திரிபின் பெயர் எதுவானாலும் அது வரும் பாதை மூச்சுக் காற்றுதான். கடற்கரையில், திறந்த வெளியில், காற்று அதைக் கலைத்துவிடும். ஆபத்து அடைத்த இடத்தில்: நெடுநாள் படகின் சின்ன அறை, கண்ணாடி ஏற்றிய கொழும்பு பஸ், கதவு சாத்திய ரியூசன் வகுப்பு. "எங்களுக்குக் கடற்காற்று இருக்கிறதே" என்று நினைக்கலாம். அது வாசலுக்கு வெளியே வீசினால் பயனில்லை. மாரி மழையில் யன்னலை எல்லாம் பூட்டுகிறோம். அந்த மாதங்களில்தான் எதிரெதிரே இரண்டு யன்னலையாவது ஓரளவு திறந்து வைக்க வேண்டும்.

தடிமனோ காய்ச்சலோ தொடங்கியதும் முதல் சில நாள் தனியாகப் படுங்கள். பிறருக்கு அதிகம் தொற்றுவது அந்த நாள்களிலும், அதற்குச் சற்று முன்னும்தான். துரிதப் பரிசோதனை முதல் நாள் "இல்லை" என்று காட்டினால் நம்பிவிடாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

தடுப்பூசி போட்டும் தொற்றுகிறதே, பிறகு எதற்கு? தொற்றை முழுதாக நிறுத்தாவிட்டாலும் உயிரைக் காக்கிறது. முதியவர்கள், நீரிழிவு, நெஞ்சு நோய் உள்ளவர்கள் அடுத்த ஊசி தேவையா, கிடைக்குமா என்று உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். மூச்சு வாங்கினால் வீட்டு மருந்தோடு காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். உங்களுக்கே தடிமன் என்றால், வைத்தியசாலையில் இருக்கும் உறவினரைப் பார்க்க அந்த வாரம் போகாதீர்கள். தொலைபேசியில் பேசினாலே போதும்.