காப்புச் சவரக்கத்தி

மேனாட்டு ஆடவர் முன்னாளில் மடக்குக் கத்தியாலே முகம் மழித்தனர். அதனைத் தோல்வாரில் அடிக்கடி தீட்டல் வேண்டும். கை சிறிது பிழைப்பினும் முகம் புண்படும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கிங் காம்ப் ஜில்லெற் என்பார், மழுங்கியபின் எறியத்தக்க மெல்லிய உருக்கு அலகொன்றைக் காப்புடைய பிடியிற் பொருத்த எண்ணினார். அம்மெல்லுருக்கைப் பதப்படுத்தும் அரிய வேலையை வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலாளர் முடித்துக் கொடுத்தார். 1903இல் விற்பனையானவை 51 கத்திகளே. 1904இல் காப்புரிமை கிடைத்தபின் அக்கருவி உலகெங்கும் பரவியது.

1971இல் ஈரலகுக் கருவி வந்தது. பின்னர் அலகுகள் ஐந்தாயின. இவற்றில் முன்னலகு மயிரைச் சிறிது வெளியே இழுக்க, பின்னலகு அதனை அறுக்கின்றது. எஞ்சிய நுனி தோலினுட் பதுங்கும். சுருண்ட மயிருடையார்க்கு அது உள்ளேயே வளர்ந்து கொப்புளம் உண்டாக்குதலும் உண்டு. ஓரலகு தோல் மட்டத்தில் அறுத்தலின் இத்துன்பம் குறைகின்றது. பலர் பழைய கருவிக்கு மீளுதற்கு இஃதொரு காரணம். தேய்ந்த அலகு வெறும் உருக்கே. பிளாஸ்டிக்கு கலந்த குப்பை சேராமை மற்றொன்று.

ஆயின், மீள்வோர் கையைப் புதிதாகப் பழக்கல் வேண்டும். வெந்நீரில் ஊறிய மயிர் எளிதில் அறுபடும். ஆதலின் முகத்தை நன்கு நனைத்துச் சவர்க்கார நுரை பூசுதல் முதற்கடன். பின்னர்க் கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, மயிர் வளருந் திசையிலே மெல்ல இழுத்தல் வேண்டும். அழுத்துதல் ஆகாது, கத்தியின் பாரமே போதும். முதல் நாட்களிற் காயம் நேர்வது பெரும்பாலும் அழுத்திப் பழகிய கையாலேயாம். அலகைச் சூழ்ந்த காப்பு ஓரளவே காக்கும். எஞ்சியதைப் பொறுமையே காத்தல் வேண்டும்.