தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: விலை போகுமா, வில்லங்கம் ஆகுமா?

"தாத்தா காலத்து துப்பாக்கி ஒண்ணு வீட்ல இருக்கு. இங்கிலாந்துல செஞ்சது. என்ன விலைக்குப் போகும்?"

கல்லிடைக்குறிச்சி, சிங்கம்பட்டி, அம்பாசமுத்திரம் என மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இந்தக் கேள்வி எழுவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு காலத்தில் இது ஜமீன் பகுதி, வேட்டையும் இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-ல் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவானது. வேட்டை போய்விட்டது. துப்பாக்கிகள் எல்லாம் அப்படிப் போய்விடவில்லை.

அப்படி ஒன்று உங்கள் குடும்பத்திலும் இருந்தால், அதன் தரத்தையும் மதிப்பையும் எப்படிக் கணிப்பது?

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

குழலை அல்ல, காகிதத்தை. துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, அதில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. அதாவது, காகிதம் இல்லாத துப்பாக்கியின் மதிப்பு பூஜ்யம்கூட இல்லை, அதற்கும் கீழே.

காகிதத்தின் அருமை கல்லிடைக்குறிச்சிக்குப் புதிதல்ல. 1982-ல் இங்குள்ள குலசேகரமுடையார் கோயிலில் திருடுபோன நடராஜர், 2019-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்திலிருந்து ஊர் திரும்பினார். அவர் இந்தக் கோயிலுக்குரியவர் என்று நிரூபிக்கக் கைகொடுத்தவை பழைய புகைப்பட ஆவணங்கள்தான்.

'நூறு வருஷப் பழசு, அதுக்கும் லைசென்ஸா?'

பலர் சறுக்குவது இங்கேதான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் ஒரு நிபந்தனை: பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும். எண்ணெய் போட்டு, ஒரு ஸ்பிரிங் மாற்றினால் வேலை செய்யும் என்றால், வயது நூறைத் தாண்டினாலும் அது சட்டப்படி துப்பாக்கிதான். 'சுட முடியாது' என்று நாமே முடிவுசெய்து மச்சில் போட்டு வைப்பது ஆபத்து.

உரிமையாளர் இறந்துவிட்டால்?

தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். கையெழுத்திட்ட ரசீது வாங்க மறக்கக் கூடாது. ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்குள் வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்; அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். அப்படியே விட்டுவிட்டால்தான் அரசு பறிமுதல் செய்ய முடியும்.

தாத்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. உரிமையாளருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்ற 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்துக்கும் இதே வரம்புதான்.

துப்பாக்கியின் 'ஜாதகம்' எங்கே?

காகிதம் சரி என்றால், அடுத்து ஆயுத வியாபாரி அல்லது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் மேசை. உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்வதுதான் அவரது முதல் வேலை. பிறகு குழலைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பார். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் இடத்தில் சிறிய முத்திரைகள் இருக்கும். பிரிட்டனில் செய்த துப்பாக்கி என்றால், லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரைகள். அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கியது என்பதற்கான சான்று அது. எந்தக் காலகட்டத்துத் துப்பாக்கி என்பதையும் முத்திரையின் வடிவம் சொல்லிவிடும்.

மேலே உள்ள பெயரை மட்டும் நம்பக் கூடாது. கல்கத்தாவின் மான்டன், ரோடா போன்ற நிறுவனங்கள் பிரிட்டனில் செய்த துப்பாக்கிகளைத் தம் பெயரில் விற்றன. பர்டி, ஹாலண்ட் & ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பெரிய பெயர்கள் என்றால், வரிசை எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் பழைய பதிவேடுகளில் தேட முடியும்.

குழல் நன்றாக இருக்கிறதா?

வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் துருப்பள்ளங்களும் நசுங்கல்களும் தெரியும். பள்ளத்தைத் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கியிருந்தால் பார்க்க அழகாக இருக்கும், சுவர் மெலிந்திருக்கும். அதனால் கண் போதாது, கருவி வைத்து அளக்க வேண்டும். 12 போர் குழலின் உள் விட்டம் சுமார் 18.5 மி.மீ. முத்திரை குத்தியபோது இருந்த அளவைவிட அதிகமாக விரிந்திருந்தால், அந்தச் சான்று செல்லாது.

இரண்டு குழல்களையும் இணைக்கும் பற்று விட்டிருக்கிறதா என்று பார்க்க, குழலைத் தனியே தொங்கவிட்டுத் தட்டுவார்கள். 'கணீர்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் சந்தேகம். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே உத்திதான்!

குழலின் மேல் நீரோட்டம்போல வரிவரியாக இருந்தால் அது டமாஸ்கஸ் குழல். நம் ஊர் உருக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி, அடித்து ஒட்டவைத்தது. பெரும்பாலும் கரும்மருந்துக் காலத்துக்கானது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவுக்குச் சோதித்த முத்திரை இல்லாவிட்டால், சுட நினைக்கவே கூடாது.

தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ.; இன்றைய தோட்டாக்கள் பல 70 மி.மீ. இது சுட்டபின் விரிந்த நீளம். எனவே சுடாத தோட்டா பழைய அறைக்குள் தாராளமாகப் போய்விடும். சுட்டவுடன் முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். 'உள்ளே போகுதே' என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல.

பாலிஷ் போட்டால் விலை ஏறுமா?

இறங்கும். தேய்ந்த பழைய நிறம், மங்கிய செதுக்கல், கட்டையில் கைபட்ட மெருகு இவற்றுக்குத்தான் சேகரிப்பாளர்கள் மதிப்புத் தருவார்கள். வார்னிஷ் அடித்த கட்டை, தலை சிதைந்த திருகாணி, எண் பொருந்தாத குழல் எல்லாம் மதிப்பைக் குறைக்கும்.

சரி, கடைசியில் என்ன விலை?

லண்டன் ஏலத்தில் லட்சங்களுக்குப் போனது என்று கூகுள் காட்டும் விலை உங்களுக்கானது அல்ல. நூறு ஆண்டைத் தாண்டிய பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய, 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. உள்ளூரில் வாங்குபவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அவருடைய 2 துப்பாக்கிக் கணக்கில் இடமும் இருக்க வேண்டும். அதனால் சந்தை சிறியது. லைசென்ஸ் உள்ள உரிமையாளர் நேரடியாக விற்கலாம். ஆனால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும்.

எனவே, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் 'விலை என்ன' என்று சுற்றவிடுவதற்கு முன், பீரோவில் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். கிடைத்தால் அதோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். கிடைக்காவிட்டால், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, முறைப்படி காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். விலை பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.